கண்ணன் தேவன் யார்? ஏலமலையில் ஒரு மூதாதையைத் தேடல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தேயிலைப் பொட்டலம் ஒன்றின் மேல் அச்சாகியிருக்கும் பெயருக்கு உரிய மனிதன் யார் என்று எவரும் கேட்பதில்லை. கண்ணன் தேவன் என்பது இன்று ஒரு தேயிலையின் பெயர்; ஒரு மலைத்தொகுதியின் பெயர்; ஒரு கம்பெனியின் பெயர்; உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றின் தலைப்பிலும் நிற்கும் பெயர். போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே நிமிர்ந்து நோக்கினால் மேகம் படிந்து கிடக்கும் முகடுகள் தெரியும். அவற்றுக்கு அப்பால், தேவிகுளம் மூணாற்றுப் பக்கம் விரியும் நிலத்தை அப்பெயராலேயே உலகம் அறியும். ஆயின், அவன் எந்த ஊரினன், யாருக்கு மகன், எந்த ஆண்டில் மறைந்தான் என்னும் மூன்று எளிய வினாக்களுக்கு அவன் பெயரைச் சுமக்கும் ஏடுகளில் விடை இல்லை.

போடி வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றிற்கும் மலையேறிய மூதாதை ஒருவர் உண்டு. ஏலத்தோட்டம் வைக்கப் போனவர், காடு வெட்டப் போனவர், தலைச்சுமை தூக்கப் போனவர், பஞ்சம் பிழைக்கப் போனவர் எனப் பலராக இருப்பர். அவரைத் தேடப் புகும் பேரன் பேத்தியர் எவ்வழியிற் செல்லலாம், எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதை அறியக் கண்ணன் தேவன் கதையே தக்க எடுத்துக்காட்டு. உலகறிந்த பெயருக்கே இந்நிலை என்றால், பெயரறியாதார் நிலையை விளக்க வேண்டுவதில்லை.

முதலில் வழங்கும் கதையைக் காண்போம். 1870களின் பிற்பகுதியில் எச்.ஜி. டர்னர், ஏ.டபிள்யூ. டர்னர் என்னும் உடன்பிறப்புகள் வேட்டையாடும் விருப்பினராய்ப் போடிக் கணவாய் வழியே மேலேறினர். அஞ்சுநாட்டுத் தலைவனான கண்ணன் தேவன் அவர்களுக்கு வழிகாட்டினான். நன்றி மறவாத வெள்ளையர் மலைக்கு அவன் பெயரைச் சூட்டினர். தோட்டக்காரர் மரபில் இக்கதை இவ்வாறு வழங்குகிறது. மலையின்மேல் வேறொரு வகையாகவும் கூறுவர். கண்ணன் ஒருவன், தேவன் மற்றொருவன்; இருவரும் முதுவர் குடியினர் என்பது அவ்வழக்கு. ஒருவனா இருவரா என்பதிலேயே கதை பிளவுபட்டு நிற்கிறது. தேவன் என்பதனைச் சாதிப் பட்டமாகக் கொள்வாரும் உளர். இயற்பெயராகக் கொள்வாரும் உளர். ஆங்கில எழுத்திலும் மலையாள எழுத்திலும் கிடந்து திரும்பிய ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவன் குலத்தை உறுதி செய்ய முனைவது ஆராய்ச்சி ஆகாது. இன்று உரிமை கொண்டாட விரும்புவார் தம் விருப்பத்தை அவன்மேல் ஏற்றுவதாகவே அது முடியும்.

கதையை ஒதுக்கி ஆவணத்தைப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. 1877ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள் பூஞ்ஞாற்று அரசர், ஜான் டேனியல் மன்றோ என்பாருக்கு இம்மலைப்பகுதியை எழுதிக்கொடுத்தார். முதற்பணம் ஐயாயிரம் ரூபாய். ஆண்டுக் குத்தகை மூவாயிரம் ரூபாய். மறு ஆண்டு நவம்பரில் திருவிதாங்கூர் அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. ஏலமலையின் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தவர் மன்றோ. திருவிதாங்கூர் உயர்மலைகளைப் பற்றி 1880இல் ஒரு நூலும் எழுதினார். அவர் பெற்ற அந்த 1877ஆம் ஆண்டுப் பத்திரத்திலேயே நிலத்தின் பெயர் கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை என்பதாகும்.

இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டும். ஒரு நிலத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில், கொடுப்பவர்க்கும் வாங்குபவர்க்கும் ஐயமின்றி விளங்கும் பெயரையே எழுதுவர். நேற்று வேட்டைக்கு வந்த விருந்தினர் இன்று சூட்டிய பெயர் பத்திரத்தில் ஏறுவதற்கில்லை. பூஞ்ஞாற்று அரண்மனைக் கணக்கருக்கும் அப்பெயர் பழகியிருத்தல் வேண்டும். எனவே டர்னர் உடன்பிறப்புகள் மேலேறிய ஆண்டு எதுவாயினும், அவர்கள் மலைக்குப் பெயரிட்டனர் என்பது பொருந்தவில்லை. பெயருடைய மலைக்கே அவர்கள் வந்து சேர்ந்தனர். கண்ணன் தேவன் அவர்களுக்கு வழிகாட்டியிருக்கலாம். அவன் பெயரைத் தாங்கிய பின்னோன் ஒருவன் காட்டியிருக்கலாம். முன்பே மறைந்திருக்கவும் கூடும். ஆனால் வழிகாட்டியதற்குக் கூலியாக மலை அவன் பெயரைப் பெற்றது என்னும் கதையை இனியும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. மலைக்குத் தன் பெயரைத் தந்திருந்த ஒருவனை, துப்பாக்கிக்காரருக்கு முன்னே நடக்கும் ஏவலனாக அக்கதை இறக்கிவிட்டது. இறக்கியவர் தோட்டக்காரர். அதை நன்றிக்கதை என்று நம்பி நாமும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தோம்.

தோட்டக்காரரின் மரபுக் கதைகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்குப் போடிக் கணவாயே மற்றுமொரு சான்று தருகிறது. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி, 1790இல் திப்பு சுல்தானின் பின்வாங்கலைத் தடுப்பதற்காகப் படையுடன் இம்மலைகளைக் கடந்து போடிநாயக்கனூரில் இறங்கினார் எனவும், உயர்மலையைக் கண்ட முதல் வெள்ளையர் அவரே எனவும் எழுதி வந்தனர். கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெல்லெஸ்லி இந்திய மண்ணில் முதன்முதலாகக் கால்வைத்தது 1797இல், அதுவும் கல்கத்தாவில். ஏழாண்டு முன்னரே அவர் போடியில் இறங்கியிருக்க வழியில்லை. நெப்போலியனை வென்ற ஒருவரைத் தம் மலைக்கு முதல் மூதாதையாக்கிக்கொள்ளும் ஆசை வெள்ளையர்க்கும் இருந்தது. மூதாதையரை உயர்த்திக் கட்டும் வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதென்று வருந்த வேண்டுவதில்லை.

நம்மவர் கதைகளிலும் ஒன்று கருதத்தக்கது. முதுவரைக் கேட்டால், மதுரையிலிருந்து குழந்தைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்து மலையேறியதால் அப்பெயர் பெற்றதாகக் கூறுவர். மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டு ஊரார் தம் முன்னோர் வந்ததும் மதுரைச் சீமையிலிருந்தே என்பர். பத்திரம் எழுதிக்கொடுத்த பூஞ்ஞாற்று அரச குடும்பமோ மதுரைப் பாண்டியரின் வழித்தோன்றல் எனத் தன்னைக் கூறிக்கொள்கிறது. காட்டில் வாழ்பவன், கழனி உழுபவன், இருவர்க்கும் மேலே அரசு செலுத்தியவன் ஆகிய மூவரும் மதுரையையே தாயூர் என்கின்றனர். இது வரலாறா, மதுரையின் பெயரைச் சொன்னால் வரும் மதிப்பா? இரண்டும் கலந்தது எனலே பொருந்தும். கிழக்குச் சரிவின் கணவாய்கள் யாவும் வைகைப் பள்ளத்தாக்கில் இறங்குகின்றன. உப்பும் நெல்லும் துணியும் அவ்வழியே மேலேறின. ஏலமும் தேனும் மெழுகும் கீழிறங்கின. பண்டம் ஏறிய வழியில் மனிதர் ஏறியதில் வியப்பில்லை. ஆனால் 'மதுரை' என்று சொல்லும்போது ஊரைச் சொல்கிறார்களா, பெருமையைச் சொல்கிறார்களா என்பதை ஒவ்வொரு குடும்பத்தின் கதையிலும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டில் மேற்கு எல்லைப்புறத்திற்குக் குடியேறிய பாட்டனைத் தேடுவது பலர்க்கும் ஓய்வுநேர விருப்பப் பணி. அவர்களுக்கு ஏடுகள் கைகொடுக்கின்றன. 1850ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கில், அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் வயதும் குடும்ப வரிசைப்படி எழுதப்பட்டன. 1862இல் இயற்றப்பெற்ற குடியேற்ற நிலச் சட்டத்தின்படி, ஐந்தாண்டு உழுது குடியிருந்தவர்க்கு 160 ஏக்கர் நிலம் உரிமையாயிற்று. அதற்கான விண்ணப்பத்தில் வீட்டின் அளவும் பயிரின் வகையும் கூட எழுதிவைக்கப்பட்டுள்ளன. பாட்டன் கட்டிய குடிசைக்கு எத்தனை சன்னல் என்பதைக் கூடப் பேரன் அறிந்துகொள்ள வாய்ப்புண்டு.

ஆனால் அந்நாட்டிலும் எல்லார்க்கும் இவ்வாய்ப்பு இல்லை. அடிமைகள் 1850, 1860 கணக்குகளில் வயதாகவும் பாலாகவும் நிறமாகவும் மட்டுமே எழுதப்பட்டனர். அவர்கள் பெயரோடு தோன்றியது 1870 கணக்கில்தான். ஆப்பிரிக்கப் பாட்டனைத் தேடி அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட 'வேர்கள்' உலகையே உலுக்கியது. பின்வந்த ஆய்வாளர்கள் ஆவணங்களோடு ஒப்பிட்டபோது அதன் பல கண்ணிகள் பொருந்தவில்லை. ஏடு ஒழிந்த இடத்தில் புனைவு புகுந்திருந்தது. அதனால் அந்நூலின் வேதனை பொய்யாகிவிடவில்லை, வம்சவரிசைதான் உறுதியிழந்தது. இவ்வேறுபாட்டைக் கவிஞர்கள் மனத்தில் இருத்துதல் நலம்.

இங்கோ, பாளையக்காரர்க்கு வம்சாவளி உண்டு. காலின் மெக்கன்சி தம் ஆட்களை ஊர்தோறும் அனுப்பிப் பாளையப்பட்டுகளின் வம்சாவளிகளைத் திரட்டிவைத்தார். போடி அரண்மனைக்குச் சுவரோவியமும் உண்டு. மலையேறிய கூலியாட்களுக்கு அவ்விரண்டும் இல்லை. 1871இல் சென்னை மாகாணத்திலும் 1875இல் திருவிதாங்கூரிலும் மக்கள்தொகை கணக்கெடுக்கப்பட்டது. இன்று நமக்குக் கிடைப்பவை தொகைகளே. வீட்டுவாரியான பெயர்ப்பட்டியல் அல்ல. இத்தனை ஆண், இத்தனை பெண், இன்ன சாதி என்பதோடு கணக்கு முடிந்துவிடும்.

பத்திரம் எழுதப்பட்ட காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1876 சித்திரையில் பிறந்தது தாது வருடம். அடுத்தது ஈசுவர வருடம். தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் நாவில் இன்னும் வழங்கும் பெரும்பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. மதுரை மாவட்டமும் தப்பவில்லை. கீழே வயிறு காய்ந்த அதே சூலையில்தான் மேலே மூவாயிரம் ரூபாய்க் குத்தகைக்கு மலை கைமாறியது. 1879இல் நிலக் கழகம் ஒன்று அமைந்து, காப்பிக்கும் சிங்கோனாவுக்கும் காடு திறக்கப்பட்டபோது ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமே ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது. கங்காணி முன்பணம் கொடுத்தான், குடும்பத்தோடு ஏறினர். மலைக்காய்ச்சலில் இறந்தோர் தொகையை எழுதுவாரில்லை. 'தாது வருடத்தில் மேலே போனவர் திரும்பவில்லை' என்னும் ஒற்றை வரியோடு நம் வட்டாரத்தில் எத்தனை குடும்ப வரலாறுகள் முடிகின்றன!

ஏலக்காரர்களின் நிலை சற்று வேறு. தேயிலைக்குக் காடு முழுதும் வீழ வேண்டும். ஏலத்திற்குக் காடு நிற்க வேண்டும். அடிக்காட்டைக் களைந்து, நிழல்மரங்களை விட்டுவைத்து, ஈரமண்ணில் செடியை வளர்ப்பர். செடியின் அடியில் தரையோடு படரும் சரத்தில் காய் பிடிக்கும். குனிந்தும் உட்கார்ந்தும் பழம் எடுக்க வேண்டும். புகைக்கூண்டில் நிறம் கெடாமல் உலர்த்த வேண்டும். இவ்வளவும் செய்தவனுக்குக் காய் சொந்தமில்லை. திருவிதாங்கூரில் ஏலம் அரசின் தனியுரிமைப் பொருள். விளைத்ததை அரசிடம் ஒப்படைத்து அதற்குரிய பங்கைப் பெற வேண்டும். கிழக்கே இறக்கிப் போடியிலோ கம்பத்திலோ விற்றால் அது கள்ளக்கடத்தல். 1896இல் அத்தனியுரிமை கைவிடப்பட்டு நிலவரி வந்தது. ஆகவே, அதற்கு முன் ஏலமலையில் உழைத்த மூதாதையைத் தேடுவோர் பட்டாவைத் தேடி ஏமாற வேண்டா. பட்டா இல்லாத காலம் அது. ஏலம் அளந்த கணக்கிலும், காடு கடந்த குற்றத்திற்கு விதித்த தண்டத்திலும் அவர் பெயர் ஒளிந்திருக்கக் கூடும். நல்லவராக வாழ்ந்த பாட்டன் ஏட்டில் கிடைக்காமல், கடத்தியவராகப் பிடிபட்ட பாட்டன் கிடைப்பது விந்தையே. கிடைத்தால் வெட்கப்படுதற்கு ஒன்றுமில்லை.

அவ்வேடுகள் எம்மொழியில் உள்ளன? மலையாளத்தில். ஆண்டு எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது? கொல்லம் ஆண்டில். 1052 என்று கண்டு திகைப்போர், அதனோடு 825ஐக் கூட்டினால் பத்திரம் எழுதிய 1877 வருவதைக் காணலாம். ஆண்டின் முற்பகுதியாயின் 824 கூட்ட வேண்டும். 1956 நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திற்குச் சென்றன. நிலம் அப்பக்கம், குடும்பம் இப்பக்கம், ஏடு தொலைவில் என்றாயிற்று. போடியிலே பிறந்து மலையாள எழுத்தறியாத பேரனுக்குத் தன் பாட்டன் பெயரைப் படித்துச் சொல்ல வேறொருவர் வேண்டும். தமிழ்த்துறைகள் தம் மாணவர்க்குக் கல்வெட்டு எழுத்தைக் கற்பிப்பது போலவே மலையாள எழுத்தையும் கற்பிக்கலாம். தேனி மாவட்டத்துக் கல்லூரிகளில் அது கட்டாயம் வேண்டும்.

ஏட்டில் ஓர் எழுத்து என்ன செய்யும் என்பதற்கு ஏலமலையே சான்று. 1897 ஆகஸ்டு 24ஆம் நாளிட்ட அறிவிக்கையின்படி ஏலமலைக் காப்புக்காட்டின் பரப்பு 15,720 ஏக்கர் என்று அரசுத் தரப்பு கூறியது. 2,15,720 ஏக்கர் என்று சூழலியலார் வாதிட்டனர். இடப்பக்கம் ஓர் இரண்டு இருந்ததா இல்லையா என்பதே வழக்கு; உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த ஓர் இலக்கத்தைப் பொறுத்து, நான்கு தலைமுறையாக ஏலம் வைத்தவர்களின் பேரன் உழவனாகிறான், அல்லது காட்டை வளைத்தவனாகிறான். வேர் தேடுதல் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இவ்வழக்கை நினைத்துப் பார்த்தல் வேண்டும். இதில் முதுவரின் பக்கமும் உண்டு. நம் பாட்டன் திறந்த காடு, அதற்கு முன் எவருமற்ற காடாக இருந்ததில்லை. அமெரிக்க எல்லைப்புறத்துப் பாட்டன் பெற்ற 160 ஏக்கரும் முன்பு வேறொரு குடியின் வேட்டை நிலமே. மூதாதையைத் தேடுவோர் அவர் பெற்றதைக் குறிக்கும் ஏட்டில், இழந்தவரையும் குறித்துவைத்தல் கடன்.

மலைக்கும் போடிக்குமிடையே பின்னர் வந்த இணைப்புகள் பலரும் அறிந்தவை. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவழியாகத் தேயிலை இறங்கியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிற்றிரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. இவை யாவற்றிற்கும் ஆண்டு உண்டு, பொறியாளர் பெயர் உண்டு, நிழற்படமும் உண்டு. கம்பிவழி வருமுன் சும்மாடு கட்டித் தலைச்சுமையாகக் கணவாயில் ஏறி இறங்கியவர்களுக்கு அவை இல்லை.

இப்பள்ளத்தாக்கு எப்போதும் இவ்வாறு மறந்துவிடவில்லை. 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் வீழ்ந்த தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவன் அரசன் அல்லன். மாடு கவர்ந்த பூசலில் மாண்ட ஊரான். அவன் பெயரை இன்றும் வாசிக்க முடிகிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் அதே பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி மாண்டவரின் பெயரை வாசிக்க முடியவில்லை.

கவிஞர்கள் நிறைந்த அவையில் சிலம்பை நினையாமல் இருப்பதெப்படி? மதுரையை நீங்கி மலையேறியவள் கண்ணகி. அவள் விண்ணேறியதைக் கண்டவர் குன்றக் குறவர். அவர்கள் சொல்லக் கேட்டே செங்குட்டுவன் அறிந்தான். இமயத்திலிருந்து கல் கொணர்ந்த புகழ் அவனுக்குச் சேர்ந்தது. கண்டு சொன்ன குறவர் ஒருவர்க்கும் காப்பியத்தில் இயற்பெயர் இல்லை. ஆயினும் அவர்கள் சாட்சியத்தின் மீதே வஞ்சிக் காண்டம் நிற்கிறது. கண்ணன் தேவனைப் பற்றியும் முதுவர் குடிகளிலும் அஞ்சுநாட்டு ஊர்களிலும் முதியோர் என்ன சொல்கின்றனர் என்பதைச் சொன்னபடியே, சொன்னவர் பெயரோடு, முரண்பட்ட வடிவங்களையும் விடாது எழுதிக்கொள்ளுதல் முதற்பணி. ஒன்றோடொன்று பொருத்திச் சீர்செய்யும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவனை அரசனாக்கிப் பரணி பாடும் ஆவல் எழுவது இயல்பு. அதற்குப் பத்திரத்தில் இடமில்லை. அவன் பெயர் ஒரு மலைக்கு 1877க்கு முன்பே இருந்தது. அதுவரை உறுதி.

பெயரில்லாதார்க்கும் ஏடு அறவே இல்லை என்று கைவிட வேண்டுவதில்லை. பழைய ஏலக்கடைகளின் பேரேடுகள், தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள், கல்யாண மொய் நோட்டுகள், குலதெய்வக் கோயிலின் வரிக்கணக்குகள் ஆகியவை போடியில் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. ஈரமும் செல்லும் அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன. செக்ரோலில் ஒரு நாளைக்கு ஒரு கோடு. ஆள் வராத நாளில் கோடு இல்லை. ஒரு பெயருக்கு நேரே கோடுகள் நின்றுபோய்ப் பின் தொடராதிருந்தால் அதற்கும் பொருள் உண்டு. வட்டத்தின் உறுப்பினர்கள் ஆளுக்கொரு நோட்டை எடுத்து, அதிலுள்ள பெயர்களை மட்டுமாவது படியெடுத்துத் தருவார்களாயின், அடுத்த மலரின் பின்பக்கங்களில் கவிதைகளோடு அப்பெயர்களையும் அச்சிடலாம்.